அமெரிக்க நாட்டுக் குடிமையுரிமைச் சட்டமும் கமிட்டியின் கதவும்

சென்ற ஆண்டு ஆடித் திங்களில் கூடிய நம் சங்கப் பொதுக்கூட்டத்தில், நம் திருமண மண்டபத்தை எல்லா வகுப்பினர்க்கும் வாடகைக்கு விடலாம் என்றொரு தீர்மானம் கொணரப்பட்டதனை அன்பர்கள் அறிவர். அதனை எதிர்த்து ஒருவரேனும் பேசினாரல்லர். ஆயினும் அது நிறைவேறவும் இல்லை. ஆய்ந்து அறிவிக்கும்படி ஐவர் கொண்ட துணைக் கமிட்டி ஒன்றனிடம் அஃது ஒப்புவிக்கப்பட்டது. கூட்டம் கலைந்து யாவரும் வெளிவருங்கால், முதியவர் ஒருவர் எம் கையைப் பற்றி, "வாத்தியார் ஐயா, கமிட்டிக்கு விட்டார்கள் என்றால் கொடுத்தார்கள் என்று பொருளா, மறுத்தார்கள் என்று பொருளா?" என்று வினவினார். யாம் புன்முறுவல் செய்து அகன்றோம். விடை தெரியாமையே அப்புன்முறுவலுக்குக் காரணம். அவ்வினா பின்னர் எம்மை விட்டு நீங்கவில்லை.

அதற்கு விடை சொல்லவல்ல வரலாறு ஒன்று அமெரிக்க ஐக்கிய நாடுகளில் உண்டு. கடல் கடந்த தேசத்துக் கதை நமக்கெதற்கு என்று அன்பர்கள் எண்ணல் வேண்டா. உண்ணும் விடுதியிலும், தங்கும் சத்திரத்திலும், பயிலும் பள்ளியிலும், உழைக்கும் தொழிற்சாலையிலும் நிறம்பற்றி ஒருவரை விலக்கலாகாது என்னும் சட்டம் அந்நாட்டில் எவ்வாறு பிறந்தது என்பதே ஈண்டு யாம் சொல்லப் புகுவது. நம் மண்டபத் தீர்மானத்துக்கும் அதற்கும் உள்ள உறவு இறுதியில் விளங்கும்.

அந்நாட்டில் வடமாநிலத்தார்க்கும் தென்மாநிலத்தார்க்கும் நிகழ்ந்த உள்நாட்டுப் போர் 1865 இல் முடிந்தது. அவ்வாண்டிலேயே அடிமைமுறை அரசியற் சட்டத் திருத்தத்தால் ஒழிக்கப்பட்டது. யாவர்க்கும் சட்டத்தின் சமமான பாதுகாப்பு உண்டு என்பது 1868 இலும், நிறம்பற்றி வாக்குரிமை மறுக்கலாகாது என்பது 1870 இலும் அரசியற் சட்டத்தில் எழுதப்பட்டன. சத்திரங்களிலும் ஊர்திகளிலும் நாடகசாலைகளிலும் எல்லோரையும் ஒப்ப நடத்துதல் வேண்டும் என 1875 இல் ஒரு சட்டமும் இயற்றப்பட்டது. ஆயின், தனியார் காட்டும் வேற்றுமையைத் தடுக்க அத்திருத்தம் இடந்தரவில்லை என்று காரணங்காட்டி, 1883 இல் அந்நாட்டு உச்சநீதிமன்றம் அதனைச் செல்லாதாக்கிற்று. அதன்பின் தென்மாநிலங்களில் வெள்ளையர்க்கொரு வாயிலும் கறுப்பினத்தார்க்கொரு வாயிலும் ஏற்பட்டன. பள்ளியும் வேறு, தண்ணீர்க் குழாயும் வேறு, ஊர்தியில் அமரும் இடமும் வேறு என்றாயிற்று. 1875 முதல் 1957 வரை 82 ஆண்டுகள், குடிமையுரிமைச் சட்டம் ஒன்றேனும் அந்நாட்டுக் காங்கிரஸில் நிறைவேறவில்லை. காங்கிரஸ் என்பது ஈண்டு அந்நாட்டுச் சட்டசபையின் பெயர். அது பிரதிநிதி சபை, செனட் சபை என இரு அவைகளை உடையது.

இவ்வெண்பத்திரண்டு ஆண்டுகளிலும் நியாயம் கேட்பார் இலர் என்று எண்ணுதல் தவறாம். கேட்டவர் பலர். 1900 ஆம் ஆண்டில், அப்போது காங்கிரஸில் இருந்த ஒரே கறுப்பின உறுப்பினராகிய வட கரோலினா மாநிலத்து ஜார்ஜ் ஹென்றி ஒயிட் என்பவர் ஒரு மசோதாவைக் கொணர்ந்தார். கறுப்பின மக்களைக் கூட்டமாய்ப் பிடித்து, விசாரணை இன்றித் தூக்கிட்டும் எரித்தும் கொல்லும் கொடுமை அந்நாளிற் பரவியிருந்தது. அதனை மத்திய அரசின் சட்டத்தால் தண்டித்தல் வேண்டும் என்பதே அவர் வேண்டுகோள். அம்மசோதா தோற்கடிக்கப்படவில்லை, அது கமிட்டிக்கு அனுப்பப்பட்டு அங்கேயே மாண்டது. 1901 இல் ஒயிட் சபையினின்று நீங்கினார். 1929 இல் சிக்காகோ நகரத்து ஆஸ்கர் டி பிரீஸ்ட் நுழையும்வரை, அச்சபையிற் கறுப்பினத்தார் ஒருவரும் இலர்.

இனி, கமிட்டி என்பது யாது என்று காண்போம். ஆயிரக்கணக்கான மசோதாக்களை முழுச்சபையும் இருந்து ஆராய்தல் இயலாது. ஆகவே பொருள்தோறும் ஒரு கமிட்டி வகுக்கப்பட்டது. குடிமையுரிமை மசோதாக்கள் நீதித்துறைக் கமிட்டிக்குச் செல்லும். அக்கமிட்டி ஆய்ந்து அனுப்பிய பின்னரும், பிரதிநிதி சபையில் அது நேரே விவாதத்துக்கு வருவதில்லை. எந்த மசோதாவை எப்போது, எத்துணை நேரம் விவாதிப்பது என்று முறைவகுக்கும் விதிக் கமிட்டி என்ற மற்றொன்று உண்டு. சாலையில் இரண்டு சுங்கச்சாவடிகள் இருந்தாற்போல என்க. வேலை எளிதாகும்பொருட்டு வகுத்த இம்முறையே, வேலை நடவாதிருக்கும்பொருட்டும் பயன்பட்டது.

அஃது எங்ஙனமெனின், கமிட்டியின் அக்கிராசனர் பதவி அந்நாளில் திறமைநோக்கிக் கொடுக்கப்பட்டதன்று. நெடுங்காலம் உறுப்பினராயிருந்த மூப்புநோக்கிக் கொடுக்கப்பட்டது. தென்மாநிலங்களில் ஒரே கட்சியே எப்போதும் வென்றது. ஆதலின் அம்மாநிலத்தார் மீண்டும் மீண்டும் தேர்ந்தெடுக்கப்பட்டு மூத்தோராயினர். விர்ஜினியா மாநிலத்து ஹோவர்டு ஸ்மித் 1931 இற் சபை புகுந்து, 1955 இல் விதிக் கமிட்டியின் அக்கிராசனரானார். மிசிசிப்பி மாநிலத்து ஜேம்ஸ் ஈஸ்ட்லாந்து 1956 இல் செனட் சபை நீதித்துறைக் கமிட்டியின் அக்கிராசனரானார். மிசிசிப்பியில் வாக்குரிமை பெறத்தக்க கறுப்பினத்தாருள் 1964 வாக்கிலும் நூற்றுக்கு எழுவர்கூடப் பதிவு பெற்றிருக்கவில்லை. வாக்கில்லாதார் அக்கிராசனரை மாற்ற இயலாது. அக்கிராசனர் மாறாதவரை அவர்க்கு வாக்குக் கிடைத்தலும் அரிது. இவ்வளையத்தின் கொடுமையை அன்பர்கள் ஓர்ந்துணர்க.

ஸ்மித்தின் முறை எளியது. அக்கிராசனர் இன்றிக் கமிட்டி கூடாது. ஆகவே அவர் ஊரில் இராது போய்விடுவார். 1957 ஆம் ஆண்டுக் குடிமையுரிமை மசோதா தம் கமிட்டியின்முன் இருந்தபோது, தம் பண்ணையில் களஞ்சியம் ஒன்று எரிந்துபோயிற்று என்றும், அதனைப் பார்த்துவருதல் வேண்டும் என்றும் சொல்லித் தலைநகரை விட்டகன்றார். மசோதா காத்துக்கிடந்தது. ‘கறுப்பினத்தார்க்கு உரிமை கூடாது’ என்று அவர் அந்நாளிற் கூறவேண்டிய தேவையே நேரவில்லை. களஞ்சியம் எரிந்தது என்பதே போதுமானதாயிற்று. அச்சட்டம் இறுதியில் நிறைவேறியதாயினும், பெரிதும் வலிகுன்றிய நிலையிலேயே வெளிவந்தது.

நிற்க. 1960 பிப்ரவரி 1 ஆம் நாள் வட கரோலினாவின் கிரீன்ஸ்பரோ நகரில், கறுப்பின மாணவர் நால்வர் ஒரு கடையின் உணவுப் பலகைமுன் அமர்ந்து காப்பி கேட்டனர். கொடுக்கப்படவில்லை. அவர் எழுந்தாருமல்லர். மறுநாள் மேலும் பலர் வந்தமர்ந்தனர். சில திங்களில் இம்முறை பல நகரங்களிற் பரவிற்று. 1963 மே மாதம் பர்மிங்ஹாம் நகரில், ஊர்வலம் வந்த சிறுவர்மீதும் காவலர் நாய்களை ஏவியும் தீயணைப்புக் குழாய்களால் நீரைப் பீய்ச்சியும் செய்த கொடுமையை உலகம் படங்களிற் கண்டது. ஜூன் 11 ஆம் நாள் ஜனாதிபதி கென்னடி, இஃது அறநெறி பற்றிய வினா என்று நாட்டு மக்கட்கு எடுத்துரைத்தார். அடுத்த வாரத்தில் மசோதா காங்கிரஸுக்கு அனுப்பப்பட்டது. வாக்குரிமை, பொது விடுதிகள், பள்ளிகள், அரசுப்பொருள் பெறும் நிறுவனங்கள் முதலியனவற்றை அது தழுவிற்று.

முதற்சாவடியாகிய நீதித்துறைக் கமிட்டியின் அக்கிராசனர் நியூயார்க்கு நகரத்து இமானுவேல் செல்லர். இவர் மசோதாவுக்கு நண்பர். ஆயினும் நண்பராலும் ஓர் இடர் விளைந்தது. செல்லரின் துணைக் கமிட்டி மசோதாவை மிக வன்மையுடையதாக்கிற்று. அங்ஙனமே சபைக்குச் சென்றால் எதிர்க்கட்சியாரின் வாக்குக் கிடையாது, எல்லாம் வீணாகும் என்று அரசினர் அஞ்சினர். எதிர்க்கட்சியின் சார்பில் அக்கமிட்டியின் மூத்த உறுப்பினராயிருந்தவர் ஒஹாயோ மாநிலத்து வில்லியம் மக்கல்லக். அவர் தொகுதியிற் கறுப்பின வாக்காளர் மிகச் சிலரே. ஆகவே வாக்கு நோக்கி அவர் ஆதரித்தாரல்லர். அவர் விதித்த நிபந்தனைகளுள் ஒன்று: பிரதிநிதி சபை ஏற்கும் மசோதாவைப் பின்னர் செனட் சபையிற் பேரம்பேசி மெலிவித்தல் கூடாது என்பது. அது நல்ல நிபந்தனை. அக்டோபர் 29 ஆம் நாள், இருதிறத்தாரும் ஒத்துக்கொண்ட வடிவத்தைக் கமிட்டி ஏற்றது. அதன் அறிக்கை நவம்பர் 20 ஆம் நாள் சபைக்கு அளிக்கப்பட்டது. இரண்டு நாள் கழித்து, நவம்பர் 22 ஆம் நாள், கென்னடி சுட்டுக்கொல்லப்பட்டார்.

இப்போது மசோதா இரண்டாம் சாவடியில், ஸ்மித்தின் மேசைமேல் இருந்தது. புதிய ஜனாதிபதி ஜான்சன் நவம்பர் 27 ஆம் நாள் இரு சபைகளின் கூட்டத்திற் பேசி, மாண்டவர் நினைவுக்கு இம்மசோதாவை நிறைவேற்றுதலினும் சிறந்த சிறப்பில்லை என்றார். ஸ்மித் அசையவில்லை. அப்போது செல்லர் வேறொரு வழியை நாடினார். சபையின் 435 உறுப்பினருள் 218 பேர் கையெழுத்திட்டால், எந்தக் கமிட்டியின் கையினின்றும் மசோதாவை விடுவித்துச் சபைக்குக் கொணரலாம் என்று ஒரு விதி உண்டு. அவ்விதிப்படி டிசம்பர் 9 ஆம் நாள் மனு வைக்கப்பட்டது. கையெழுத்துகள் நாடோறும் ஏறின. அன்றியும், விதிக் கமிட்டியில் உள்ளோருள் பெரும்பாலார் கூடி அக்கிராசனரை மீறியே கூட்டம் நடத்தலாம் என்பதும் ஸ்மித்துக்கு உணர்த்தப்பட்டது. 1961 இல் அக்கமிட்டி 217 க்கு 212 என்னும் வாக்கால் 12 பேரிலிருந்து 15 பேராகப் பெருக்கப்பட்டிருந்தமையின், அஃது வெற்றச்சுறுத்தலன்று. மனுவில் 218 பெயர் நிறையுமுன்னரே ஸ்மித் இணங்கினார். 1964 ஜனவரி 9 இல் விசாரணை தொடங்கிற்று. ஜனவரி 30 இல், 11 க்கு 4 என்னும் வாக்கால் கதவு திறந்தது.

சபையில் விவாதம் நிகழுங்கால், குடிமையுரிமைச் சங்கங்களின் தொண்டர்கள் மேல்மாடத்தில் அமர்ந்து, எவ்வுறுப்பினர் வந்தார், எவர் வாராதொழிந்தார் என்று கவனித்துவந்தனர். பெயர் குறிக்கப்படாத வாக்கெடுப்புகளில் நழுவுதல் எளிதன்றோ? அந்நழுவலை இக்கண்கள் தடுத்தன. பிப்ரவரி 10 ஆம் நாள் 290 க்கு 130 என்னும் வாக்கால் மசோதா நிறைவேறிற்று.

அடுத்து செனட் சபை. அங்கே முறைப்படி அது ஈஸ்ட்லாந்தின் கமிட்டிக்குச் செல்லுதல் வேண்டும். சென்றால் மீளாது என்பதனை யாவரும் அறிவர். ஆதலின் பெரும்பான்மைக் கட்சித் தலைவர் மைக் மான்ஸ்பீல்டு, கமிட்டிக்கு விடாது நேரே சபையின் நிகழ்ச்சிநிரலில் அதனைச் சேர்க்கும் தீர்மானத்தைக் கொணர்ந்து, பிப்ரவரி 26 இல் வென்றார். எனினும் அங்கு வேறொரு தடை இருந்தது. செனட் சபையில் உறுப்பினர் ஒருவர் எத்துணை நேரமும் பேசலாம். பேச்சு முடியாதவரை வாக்கெடுப்பு இல்லை. அந்நாளில் மூன்றில் இருபங்கினர் இசைந்தாலன்றிப் பேச்சை முடிக்கவியலாதிருந்தது. இவ்வழியால், 1922 இற் பிரதிநிதி சபை நிறைவேற்றிய கும்பற்கொலைத் தடை மசோதாவும் அழிக்கப்பட்டது. குடிமையுரிமை மசோதா எதனிலும் அதுவரை பேச்சு முடிப்புத் தீர்மானம் வென்றதேயில்லை.

இம்முறை எதிர்த்தோர் ஜார்ஜியா மாநிலத்து ரிச்சர்டு ரஸ்ஸல் தலைமையில் முறைவைத்துப் பேசினர். ஆதரித்தோர் ஹியூபர்ட் ஹம்பிரியின் தலைமையில், சபையில் எந்நேரமும் போதிய உறுப்பினர் இருக்கும்படி முறைவைத்துக் காத்தனர். எதிர்க்கட்சித் தலைவர் டர்க்ஸன் சில மாற்றங்களைப் பெற்று இசைந்தார். சபைக்கு வெளியேயும் வேலை நிகழ்ந்தது. கிறித்தவ, யூத சமய மாணவர்கள் ஏப்ரல் 19 முதல் லிங்கன் நினைவகத்தில் இரவுபகலாக வழிபாட்டு நோன்பு இருந்தனர். திருச்சபையினர், கறுப்பினத்தார் மிகச் சிலரே வாழும் மாநிலங்களினின்றும் தம் உறுப்பினர்க்குக் கடிதம் எழுதினர். விவாதம் 60 வேலைநாள்களைக் கொண்டது. ஜூன் 9 ஆம் நாள் மாலை தொடங்கி ராபர்ட் பேர்டு என்பவர் 14 மணி 13 நிமிடம் இடைவிடாது பேசி, மறுநாட் காலையில் அமர்ந்தார்.

ஜூன் 10 ஆம் நாள் பேச்சு முடிப்புத் தீர்மானம் வாக்குக்கு விடப்பட்டது. கலிபோர்னியாவின் கிளேர் எங்கிள் மூளைக்கட்டியால் வாய்பேச இயலாது நோயுற்றிருந்தவர், சக்கரநாற்காலியிற் கொணரப்பட்டார். பெயர் அழைக்கப்பட்டபோது அவர் தம் கையை உயர்த்திக் கண்ணைச் சுட்டிக் காட்டினார். ஆங்கிலத்திற் கண்ணுக்கும் இசைவுக்கும் ஒலி ஒன்றே ஆதலின், அஃது இசைவென்று எழுதப்பட்டது. 67 வாக்குத் தேவை, கிடைத்தவை 71. ஜூன் 19 இல் மசோதா 73 க்கு 27 என்று நிறைவேறிற்று. ஜூலை 2 ஆம் நாள் பிரதிநிதி சபை மாற்றங்களை ஏற்றது. அன்றே ஜான்சன் கையெழுத்திட்டார். அவ்வாண்டு டிசம்பர் 14 இல், பொது விடுதிகள் பற்றிய பகுதி செல்லும் என உச்சநீதிமன்றம் தீர்ப்பளித்தது. 1883 இல் மூடிய கதவு 81 ஆண்டு கழித்துத் திறந்தது.

இதன்பின் அவர்கள் பாடத்தை மறந்தாரல்லர். 1965 இல் வாக்குரிமை மசோதா ஈஸ்ட்லாந்தின் கமிட்டிக்கே அனுப்பப்பட்டது. ஆயின் இம்முறை, ஏப்ரல் 9 ஆம் நாளுக்குள் திருப்பி அனுப்புதல் வேண்டும் என்று சபை நாள் குறித்தே விட்டது. ஆகஸ்டு 6 இல் அது சட்டமாயிற்று. ஸ்மித் 1966 இல் தம் கட்சியாரின் தேர்வு வாக்கெடுப்பிலேயே தோல்வியுற்றார். ஜார்ஜ் ஒயிட் 1900 இற் கேட்ட கும்பற்கொலைச் சட்டமோ, 2022 மார்ச் 29 ஆம் நாள்தான் ஜனாதிபதியின் கையெழுத்தைப் பெற்றது. அதற்கு இடப்பட்ட பெயர், 1955 இல் மிசிசிப்பியிற் கொல்லப்பட்ட பதினான்கு வயதுச் சிறுவன் எம்மெட் டில்லின் பெயராகும். கேட்டதற்கும் கிடைத்ததற்கும் இடையே 122 ஆண்டுகள். அவ்வளவு காலமும் கொலையை நல்லதென்று சபை தீர்மானித்ததில்லை, தீர்மானிக்காமலே இருந்தது.

அன்பர்காள்! இவ்வரலாற்றால் நாம் அறியத்தக்கது யாது? வள்ளுவனார் வலியறிதல், காலமறிதல், இடனறிதல் என மூன்று அதிகாரங்களை அடுத்தடுத்து வைத்தார். மன்னர்க்கு மட்டுமே உரியன என்று மாணவர்க்கு இவற்றை யாம் பன்னாள் கற்பித்து வந்தோம். இனி அங்ஙனம் கற்பியோம். 218 கையெழுத்தை எண்ணினாரே, அது வலியறிதல். ஏப்ரல் 9 என்று நாள் குறித்தாரே, அது காலமறிதல். ஈஸ்ட்லாந்தின் கமிட்டிக்கு விடாது நேரே சபைக்குக் கொணர்ந்தாரே, அஃது இடனறிதல். நியாயம் ஒன்றே போதும் என்றிருந்தோர் 82 ஆண்டு காத்தனர். நியாயத்தோடு இம்மூன்றையும் கூட்டினோர் ஓராண்டில் வென்றனர்.

இனி எம் பிழையையும் மறையாது சொல்லுதல் கடன். மண்டபத் தீர்மானத்தை ஆயும் ஐவருள் யாமும் ஒருவர். முதற் கூட்டம் குறித்த நாளில், விடைத்தாள் திருத்தும் வேலை உளதென்று சொல்லி அதனை ஒத்திவைக்கச் செய்தவர் யாமே. அடுத்த முறை ஒருவர் இல்லத்தில் திருமணம். அதற்கடுத்து மற்றொருவர்க்கு உடல்நலமின்மை. இங்ஙனம் பதினொரு திங்கள் கழிந்தன. ஸ்மித்தின் களஞ்சியம் எரிந்த செய்தியைப் படித்தபோது முதலில் யாம் நகைத்தோம். பின்னர் எம் விடைத்தாள்கள் நினைவுக்கு வந்தன, நகைப்பு நின்றது.

இதனிடையே, சென்ற வைகாசியில் நம் அடுத்த தெருவில் வாழும் சலவைத்தொழிலாளர் ஒருவர், தம் மகள் திருமணத்துக்கு மண்டபம் கேட்டு வந்தார். வாடகை முழுவதையும் முன்னரே தருவதாகவும் சொன்னார். நம் காரியஸ்தர் அவரைக் கடிந்து பேசவில்லை. கமிட்டியில் இருக்கிறது என்று மட்டும் சொன்னார். திருமணம் தெருவிலே இட்ட ஓலைப்பந்தலில், கடும்வெயிலில் நிகழ்ந்தது. அன்று நம் மண்டபம் பூட்டியே கிடந்தது. பொதுவிடங்களிற் சாதிபற்றி ஒருவரையும் விலக்கலாகாது என்றும், தீண்டாமை ஒழிக்கப்பட்டது என்றும் நம் நாட்டு அரசியற் சட்டம் 15, 17 ஆம் உறுப்புகளில் 1950 முதலே கூறிவருகின்றது. முற்காலத்தில் நம் முன்னோர்க்கும் சில வாயில்கள் அடைபட்டிருந்தன. அவை திறக்கவேண்டியே இச்சங்கம் கண்டனர். அடைபட்டோரின் மக்களாகிய நாம் இன்று திறவுகோலைக் கையில் வைத்துக்கொண்டு, களஞ்சியம் எரிந்தது என்று சொல்லுதல் தகுமோ?

முதியவர்க்கு இப்போது விடை சொல்வோம். ஐயா, கமிட்டிக்கு விடுதல் கொடுத்தலுமன்று, மறுத்தலுமன்று. நாள் குறித்து விட்டால் அஃது ஆய்வு. நாள் குறியாது விட்டால் அது மறுப்பே, ஆயின் மறுத்தவர் பெயர் எழுதப்படாத மறுப்பு.

வரும் ஆடித் திங்களில் மீண்டும் பொதுக்கூட்டம் கூடும். அதற்குப் பதினைந்து நாளுக்கு முன்னரே துணைக் கமிட்டி தன் அறிக்கையைத் தருதல் வேண்டும். தாராதொழியின், உறுப்பினர் பதின்மர் கையெழுத்திட்டு எத்தீர்மானத்தையும் நேரே பொதுக்கூட்டத்தின்முன் வைக்கலாம் என்று நம் சங்க விதிகளிலும் ஒரு விதி உண்டு. அவ்விண்ணப்பத்தை யாம் எழுதி வைத்துள்ளோம். அதன் முதற் கையெழுத்து எம்முடையது. இன்னும் ஒன்பது இடங்கள் உள்ளன.